வகைப் பரமானம்: கணினி மொழிகளிற் பொதுமையும் காவலும்

எண்கணிதம் பயின்ற மாணவன் அட்சரகணிதத்துட் புகும் நாள் அவனது கல்வியில் ஒரு திருப்பமான நாளாகும். அதுகாறும் ஏழும் ஐந்தும் எனக் குறித்த எண்களையே கையாண்டு வந்தவன், அன்று முதல் எண்ணின் இடத்தில் எழுத்தொன்றை வைத்துக் கணிக்கக் கற்கின்றான். இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கித்தாற் பெறப்படுவது யாதென ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியே கணித்துக் காட்டும் தொல்லை அன்றோடு ஒழிகின்றது. எழுத்தால் ஒருமுறை நிறுவிய சூத்திரம் எல்லா எண்களுக்கும் பொருந்தும். அறியாக் கணியங்களுக்கு மாத்திரமன்றி, தரப்பட்டனவாகக் கொள்ளப்படும் கணியங்களுக்கும் எழுத்துகளை முறைப்பட வழங்கியவர் பிரான்சிய அறிஞராகிய பிரான்சுவா வியெத் என்பவர். 1591ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் பின்னர், தனித்தனிக் கணக்குகளின் தொகுதியாக இருந்த அக்கலை பொதுச் சூத்திரங்களைக் கூறும் இயலாக வளரலாயிற்று.

எண்ணின் இடத்தில் எழுத்து நிற்கலாமாயின், 'எண்' என்னும் வகையின் இடத்திலேயே எழுத்தொன்று நிற்கலாகாதோ? இவ்வினாவுக்குக் கணினி மொழி ஆராய்ச்சியாளர் கண்ட விடையே வகைப் பரமானம் என்பது. அதனைக் கொண்டு செய்நிரல் எழுதும் முறை பொதுமைச் செய்நிரலாக்கம் எனப்படும். இக்காலத்திற் கணினி பயிலும் மாணவர் பலரும் இதன் குறியீட்டைக் கண்டிருப்பர். எழுத்து வேலையைச் சுருக்கும் ஓர் உபாயமென்றே அதனைக் கருதுவோரும் உளர். உழைப்பைச் சுருக்குதல் அதன் பயன்களுள் ஒன்றேயாம். பொதுமையை வேண்டுவோர் காவலை இழக்கவேண்டியதில்லை என்று காட்டியமையே அதன் தலையாய பயன். இஃது எவ்வாறு இயல்கின்றது என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் வகை என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். கணினியின் நினைவகத்தில் உறைவன யாவும் பூச்சியமும் ஒன்றுமாகிய இரு குறிகளின் வரிசைகளே. ஒரே வரிசை ஓரிடத்தில் 65 என்னும் எண்ணாகவும், பிறிதோரிடத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்தாகவும் கொள்ளப்படும். ஒரு வரிசையை எதுவெனக் கொள்ளவேண்டும், அதன்மீது எச்செயல்களை நிகழ்த்தலாம் என்பவற்றை வரையறுப்பதே வகை. எண்ணை எண்ணால் வகுக்கலாம். பெயரைப் பெயரால் வகுத்தல் பொருளற்றது. மாறி ஒவ்வொன்றின் வகையும் தெரிந்திருப்பின், செய்நிரலை இயந்திரத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் தொகுப்பான், மாற்றுமுன் அதனை வாசித்து, பெயரைப் பெயரால் வகுக்கும் வரி எங்கேனும் உண்டாயின் அவ்விடத்தைச் சுட்டி மறுத்துவிடும். பரீட்சை மண்டப வாயிலிலேயே அனுமதி அட்டையைச் சோதிப்பது போன்ற காவல் இது. ஜாவா, சி ஷார்ப், கோ, றஸ்ற், ரைப்ஸ்கிரிப்ற் முதலியன இக்காவலை உடைய மொழிகளாம்.

காவல் நன்றே, ஆயின் அதற்கு ஒரு விலை உண்டு. கல்லூரி ஒன்றின் பதிவேடுகளைப் பேணும் செய்நிரலை எடுத்துக்கொள்வோர்க்கு அவ்விலை விரைவிற் புலனாகும். புள்ளிகளின் பட்டியலில் மிகப் பெரிய புள்ளியைக் காணவேண்டும். மாணவர் பெயர்களுள் அகரவரிசையில் இறுதியாக வருவதைக் காணவேண்டும். நூலக இரவல் திகதிகளுள் மிகப் பிந்தியதைக் காணவேண்டும். மூன்றுக்கும் செய்முறை ஒன்றே. முதலாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக நோக்கி, கையிலுள்ளதிலும் பெரியது எதிர்ப்படும்போதெல்லாம் அதனைக் கைக்கொண்டு, இறுதியிற் கையில் எஞ்சுவதை விடையாகத் தருவதே அச்செய்முறை. ஆயினும் வகையைக் குறித்தே தீரவேண்டும் என்னும் மொழியில் அதனை மும்முறை எழுதவேண்டியதாகின்றது:

சார்பு பெரியபுள்ளி (எண்பட்டியல்) → எண்
சார்பு பெரியபெயர் (பெயர்ப்பட்டியல்) → பெயர்
சார்பு பெரியதிகதி (திகதிப்பட்டியல்) → திகதி

மூன்று படிகள் எழுதுவதில் உள்ள இடர், கை நோதல் மாத்திரமன்று. பட்டியல் வெறுமையாக இருப்பின் எடுத்துக்கொள்ள முதலாவது என ஒன்று இல்லை என்பதனை எழுதியவன் மறந்தான் என்க. ஒருநாள் புள்ளிப் பட்டியல் வெறுமையாக வர, செய்நிரல் இடையில் நின்றுவிடுகின்றது. அவன் முதற் படியைத் திருத்துகின்றான். ஏனைய இரண்டும் திருந்தாமலே கிடக்கின்றன. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர் காலத்தில் ஒரு சுவடியிற் புகுந்த பிழையைத் திருத்தினும் அதன் பிற படிகள் பிழையோடு உலவியதனை ஒத்தது இது. படிகள் பெருகப் பெருகப் பிழையின் உறைவிடங்களும் பெருகும்.

இவ்விடரினின்றும் தப்புதற்குப் பலர் கையாண்ட இரண்டாம் வழி, வகையை விரிவாக்கிவிடுதலாகும். எண், பெயர், திகதி யாவும் 'பொருள்' என்னும் பெருவகையுள் அடங்கும் எனக் கொண்டு, பொருட்பட்டியல் ஒன்றையே எங்கும் வழங்குவது அவ்வழி. 1996இல் முதற் பதிப்பாக வெளிவந்த ஜாவா இவ்வாறே செய்தது. அதன் பட்டியல்கள் எப்பொருளையும் ஏற்றன. ஆயின் உள்ளே சென்ற பொருள் தன் வகையைப் பட்டியலின் வாயிலிலே விட்டுச் சென்றது. திரும்ப எடுக்கும்போது அது வெறும் பொருளாகவே வெளிவரும். "இஃது எண்ணே" எனச் செய்நிரலாளன் தன் பொறுப்பிற் கூறிய பின்னரே அதனைக் கூட்டவோ வகுக்கவோ இயலும். அக்கூற்று மெய்யோ பொய்யோ என்பதனைத் தொகுப்பான் அறியாது. இயந்திரம் ஓடும்போதே அது வெளிப்படும்.

இதனால் விளையும் தீங்கை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பரீட்சைக்கு வாராத மாணவன் ஒருவனுக்குப் புள்ளியின் இடத்தில் 'வரவில்லை' என்னும் சொல்லை இடுமாறு ஒருவர் செய்நிரலின் ஒரு மூலையிற் சிறு மாற்றம் செய்கின்றார். பொருட்பட்டியலாதலின் தொகுப்பான் தடுக்கவில்லை, பட்டியலும் தடுக்கவில்லை. வாரங்கள் கழிந்து, தவணை இறுதியிற் சராசரி காணும் வேளையிற் செய்நிரல் நின்றுபோகின்றது. அது நின்ற இடம் சராசரி காணும் இடம். பிழை புகுந்த இடமோ வேறொன்று. இரண்டையும் எழுதியோரும் வெவ்வேறானோராயிருத்தல் கூடும். பிழை செய்யப்பட்ட இடத்துக்கும் அது வெளிப்பட்ட இடத்துக்கும் இடையேயுள்ள தூரமே செய்நிரலாளனின் பெருந்துன்பம். முதல் வழி காவலைப் பேணிப் பொதுமையை இழந்தது. இரண்டாம் வழி பொதுமையைப் பெற்றுக் காவலை இழந்தது.

இரண்டையும் ஒருங்கே பெறும் மூன்றாம் வழியே வகைப் பரமானம். பட்டியலின் முதல் உறுப்பைத் தரும் எளிய சார்பொன்றை அம்முறையில் எழுதின் அதன் தலைப்பு வரி பின்வருமாறு அமையும்:

சார்பு முதலாவது [வ] (தொகுதி : பட்டியல்[வ]) → வ

இவ்வரியை வாய்விட்டு வாசித்தல் நன்று. "வ என்பது யாதாயினும் ஒரு வகையாகுக, வ-க்களின் பட்டியல் ஒன்று தரப்படின், இச்சார்பு வ ஒன்றைத் தரும்" என்பதே அதன் பொருள். பகர அடைப்பினுள் நிற்கும் 'வ' என்பதே பரமானம். கோ மொழியிற் பகர அடைப்பும், ஜாவா, சி ஷார்ப் போன்றவற்றிற் கோண அடைப்பும் வழங்கும், கருத்தில் வேறுபாடில்லை. சூத்திரத்தின் எழுத்துக்கு எண்ணைப் பிரதியிடுவது போல, இச்சார்பை அழைக்குமிடத்தில் 'வ'வுக்கு ஒரு வகை பிரதியிடப்படும். புள்ளிப் பட்டியலைக் கொடுத்தால் 'வ' எண்ணாகும்; விடையும் எண்ணே எனத் தொகுப்பான் ஐயமின்றி அறியும். 'வரவில்லை' என்னும் சொல்லைப் பட்டியல்[எண்] ஒன்றுள் இட முயல்வோர் அவ்வரியிலேயே தடுக்கப்படுவர். பிழை செய்யப்பட்ட இடமும் வெளிப்படும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். 'எதுவாயினும் ஆகலாம்' என்னும் 'வ'வுக்கும், முன்னர்க் கூறிய 'பொருள்' என்னும் பெருவகைக்கும் வேறுபாடு யாது? வேறுபாடு பெரிது. 'பொருள்' என்பது எதையும் நினைவில் வைத்திராத சொல். 'வ' என்பதோ ஒரு வரியில் எத்தனை இடங்களில் வருகின்றதோ அத்தனை இடங்களிலும் ஒன்றையே குறிக்க வேண்டிய எழுத்து. அட்சரகணிதச் சமன்பாட்டின் இருபக்கத்தும் வரும் ஒரே எழுத்துக்கு இடப்பக்கத்தில் ஓரெண்ணையும் வலப்பக்கத்தில் வேறோரெண்ணையும் பிரதியிட எந்த ஆசிரியரும் இடந்தரார். அதுபோலவே உட்புகும் வகையையும் வெளிவரும் வகையையும் 'வ' பிணைத்து நிற்கின்றது. பொதுமை காவலைக் குலைக்காமைக்குக் காரணம் இப்பிணைப்பே.

இக்கருத்துக்கு நெடிய வரலாறு உண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தோபர் ஸ்றேச்சி 1967இல் கொப்பன்ஹேகன் நகரில் நிகழ்த்திய விரிவுரைகளிற் பல வகைகளுக்கும் பொருந்தும் செய்கைகளை இரண்டாகப் பகுத்தார். கூட்டற்குறி முழுவெண்ணுக்கும் தசம எண்ணுக்கும் வழங்கினும், இயந்திரம் அவ்விரண்டையும் கூட்டும் முறைகள் வேறு, பெயரளவிலேயே ஒற்றுமை. பட்டியலின் நீளத்தைக் காணும் செய்கையோ எவ்வகைப் பட்டியலாயினும் மெய்யாகவே ஒன்று. பின்னையதனையே அவர் பரமானஞ் சார்ந்த பொதுமை என்றார். 1972இற் பிரான்சியத் தருக்க அறிஞர் ஜிறாரும், 1974இல் அவரை அறியாமலே அமெரிக்க அறிஞர் ஜோன் றெயினோல்ட்ஸும் இக்கருத்துக்கு ஒத்த கணித வடிவங்களை அமைத்தனர். ஒருவர் நிறுவல்களின் இயல்பை ஆராய்ந்தவர். மற்றவர் செய்நிரல்களின் இயல்பை ஆராய்ந்தவர். வேறு வேறு வழிகளிற் சென்ற இருவரும் ஒரே இடத்தை அடைந்தமை அக்கருத்தின் ஆழத்துக்குச் சான்றாம். 1978இல் எடின்பரோவில் றொபின் மில்னர் வெளியிட்ட ஆய்வு, செய்நிரலாளன் வகைகளை எழுதாவிடினும் தொகுப்பானே அவற்றை உய்த்துணர்ந்து சோதிக்கும் முறையைத் தந்தது. அவர் ஆக்கிய எம்.எல். என்னும் மொழியில் அம்முறை செயலுக்கு வந்தது.

'முதலாவது' என்னும் சார்புக்குத் தன் 'வ'வைப் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை. முன்னர்க் கண்ட 'பெரியது' என்னும் சார்போ அத்தகையதன்று. இரண்டு உறுப்புகளை ஒப்பிட்டு எது பெரியதெனக் கூற இயலாதாயின் அச்செய்முறை நடவாது. எண்களை ஒப்பிடலாம், நிழற்படங்கள் இரண்டனுள் எது பெரியது என்றற்குப் பொதுவான விடையில்லை. ஆதலின் பரமானத்துக்கு நிபந்தனையொன்று விதித்தல் வேண்டும்:

சார்பு பெரியது [வ : ஒப்பிடத்தக்கது] (தொகுதி : பட்டியல்[வ]) → வ

இந்நிபந்தனை ஓர் ஒப்பந்தத்தை ஒத்தது. ஒப்பிடத்தக்க வகையையே கொடுப்பேன் என அழைப்போன் உடன்படுகின்றான். ஒப்பிடுதலன்றி வேறெதனையும் 'வ'வின்மீது நிகழ்த்தேன் எனச் சார்பை எழுதுவோன் உடன்படுகின்றான். இருவருள் எவர் மீறினும் தொகுப்பான் மீறியவரையே சுட்டும். 1970களில் மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பார்பரா லிஸ்கோவ் தம் குழுவினருடன் அமைத்த குளூ என்னும் மொழியில், பரமானமாக வரும் வகை எச்செயல்களை உடையதாயிருத்தல் வேண்டும் எனக் கூறும் வாசகத்துக்கு இடமிருந்தது. ஒப்பந்தம் எழுதப்படாதவிடத்து நேர்வதனைச் சி பிளஸ் பிளஸ் மொழியின் வரலாறு காட்டும். அதன் அச்சுருக்களில் நிபந்தனை கூறும் முறையான வழி நெடுங்காலம் இருந்திலது. பொருந்தாத வகையைக் கொடுத்தவனுக்கு, பிறர் எழுதிய நூலகத்தின் அடியாழத்திலிருந்து பக்கக்கணக்கிற் பிழைச் செய்திகள் வரும். தன் பிழை எதுவென அவன் அறிதல் அரிது. 2020ஆம் ஆண்டுத் தரநியமத்திலேயே அதற்கேற்ற நிபந்தனை முறை அம்மொழியிற் சேர்ந்தது.

அறியாமை நன்மை பயக்கும் என்றால் ஆசிரியர் உலகம் ஒப்பாது. ஆயினும் வகைப் பரமானத்தில் அறியாமையே ஒரு பலமாகின்றது. நிபந்தனையற்ற 'வ' ஒன்றைப் பெற்று 'வ' ஒன்றையே திருப்பித் தரவேண்டிய சார்பு யாது செய்யக்கூடும்? அது எண்ணோ பெயரோ என அறியாமையால் ஒன்றைக் கூட்டித் தரவும் இயலாது. புதிய 'வ' ஒன்றை ஆக்கவும் வழியில்லை. பெற்றதனை அப்படியே திருப்பித் தருதல் ஒன்றே அதனால் இயலும். பட்டியல்[வ]வைப் பெற்றுப் பட்டியல்[வ]வைத் தரும் சார்பும் அத்தகையதே. வரிசையை மாற்றலாம், சிலவற்றை விலக்கலாம், சிலவற்றை மீட்டும் இடலாம். பட்டியலில் இல்லாத உறுப்பொன்றைப் புகுத்த அதனால் இயலாது. சார்பின் உடலை ஒருவரியேனும் வாசியாமல், தலைப்பு வரியிலிருந்தே இத்துணையும் துணியப்படுகின்றது. 1989இற் பிலிப் வாட்லர் இவ்வாறு விலையின்றிக் கிடைக்கும் தேற்றங்களைத் தொகுத்து விளக்கினார். வகை யாதென ஓட்டநேரத்தில் உசாவியறியும் வசதியுள்ள மொழிகளில் இத்தேற்றங்கள் முற்றும் பொருந்தா. எனினும் அங்கும் இவை நல்ல வழிகாட்டிகளே.

இவற்றின் அடிப்படையை 1983இல் றெயினோல்ட்ஸ் ஒரு கற்பனைக் கதையால் விளக்கியுள்ளார். ஒரு பல்கலைக்கழகத்திற் சிக்கலெண்களைக் கற்பிக்கும் பேராசிரியர் இருவர். ஒருவர் அவற்றை மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்னும் இணையாகவும், மற்றவர் நீளம், கோணம் என்னும் இணையாகவும் வரையறுக்கின்றனர். அடிப்படைச் செய்கைகளை விளக்கிய பின்னர் இருவரும் எண்ணின் உள்ளமைப்பைப் பேசாது அச்செய்கைகளைக் கொண்டே பாடத்தை நடத்துகின்றனர். அலுவலகத் தவறொன்றால் இடையில் இருவர் வகுப்புகளும் மாறிவிடுகின்றன. அவ்வாறாகியும் எவர் கூற்றும் எந்த மாணவனுக்கும் பொய்யாகவில்லை. உள்ளமைப்பை நம்பியிராத பாடம் உள்ளமைப்பு மாறியபோதும் மெய்யாகவே நிற்கும். 'வ'வைப் பற்றி அறியாத சார்பு எல்லா 'வ'வுக்கும் மெய்யாக நிற்பதும் இதனாலேயாம்.

மாணவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. மாணவர் எல்லாரும் ஆட்களே. ஆகவே பட்டியல்[மாணவர்] என்பது பட்டியல்[ஆள்] ஆகும் எனக் கொள்ளுதல் இயல்பு போலத் தோன்றும். அது பிழை. பட்டியல்[ஆள்] என்பதனுள் ஆசிரியர் ஒருவரையும் இடலாம். மாணவர் பட்டியலை ஆட்பட்டியலெனக் கொண்டு ஒருவர் கையிற் கொடுப்பின், அவர் குற்றமேதுமின்றி அதனுள் ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துவிடுவர். மாணவர் பட்டியலை நம்பியிருந்த பிறிதோரிடத்தில் அவ்வாசிரியருக்குப் பரீட்சைச் சுட்டெண் தேடப்படும். வாசிப்பதற்கு மாத்திரம் கொடுப்பின் இத்தீங்கு இல்லை. எழுதுவதற்கும் உரிமை தரும்போதே தீங்கு புகுகின்றது. ஜாவாவின் அணிகளில் இக்குறை இன்றும் உளது. பரமானம் இல்லாத தொடக்கக் காலத்தில், எப்பொருளின் அணியையும் கையாளும் பொதுச் சார்பை எழுத வேறு வழியின்மையாற் சொற்களின் அணியைப் பொருள்களின் அணியாகக் கொள்ள அம்மொழி இடந்தந்தது. அதன் விளைவாக, அத்தகைய அணியுள் ஒன்றை இடும்போது அது பொருந்துமோ என ஓட்டநேரத்திற் சோதித்தல் இன்றியமையாததாயிற்று. பின்னர்ப் பரமானத்தோடு வந்த பட்டியல்களில் அவ்விடம் அடைக்கப்பட்டது.

இனி, பரமானமுள்ள சார்பை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றுவது எங்ஙனம் என்பது வினா. மூன்று முறைகள் வழக்கிலுள்ளன. முதலாவது, வழங்கப்படும் வகை ஒவ்வொன்றுக்கும் தொகுப்பானே தனிப்படி எழுதிக்கொள்ளுதல். சி பிளஸ் பிளஸ், றஸ்ற் ஆகியன இம்முறையின. முன்னர் மனிதன் எழுதிய மூன்று படிகளை இங்கு இயந்திரம் எழுதுகின்றது. மூலம் ஒன்றேயாதலின் ஒன்றைத் திருத்த யாவும் திருந்தும். ஓட்டம் விரைவு, தொகுத்தற்கு நேரமும் செய்நிரலின் பருமனும் மிகும். இரண்டாவது, வகைகளைச் சோதித்து முடிந்த பின்னர் அவற்றை அழித்துவிட்டு ஒரே படியை வைத்திருத்தல். ஜாவா இம்முறையது. பழைய செய்நிரல்கள் புதியவற்றோடு இணங்கி ஓடுதற்கு இது துணை செய்தது. ஆயின் ஓடும்போது பட்டியலொன்று எண்பட்டியலோ பெயர்ப்பட்டியலோ என உசாவ இயலாது. அடிப்படை எண்வகைகளையும் நேரே பரமானமாக வைத்தற்கியலாது. மூன்றாவது, ஓட்டநேரத்திலும் வகைகளை நினைவிற் கொள்ளுதல். கேம்பிரிட்ஜிலுள்ள மைக்றோசொப்ற் ஆராய்ச்சி நிலையத்தில் டொன் சைம், அன்றூ கென்னடி என்போர் வகுத்த திட்டத்தின் வழியே 2005இற் சி ஷார்ப் மொழியின் இரண்டாம் பதிப்பு இம்முறையைக் கைக்கொண்டது.

இவற்றுள் எதனைத் தெரியினும் ஒன்றை இழத்தல் தவிராது. 2009இற் கோ மொழி வெளியான சின்னாட்களில் அக்குழுவைச் சேர்ந்த றஸ் கொக்ஸ் இவ்விக்கட்டை வெளிப்படையாக எடுத்துரைத்தார். பரமானத்தை விலக்கினால் எழுதுவோர் தாமதமாவர். படி பெருக்கினால் தொகுப்பான் தாமதமாகும். ஒரே படியை வைத்தால் ஓட்டம் தாமதமாகும் என்பது அவர் கூற்றின் சாரம். அதுகாரணமாக அம்மொழி பல ஆண்டுகள் பரமானமின்றியே வழங்கியது. அதன் விளைவை அம்மொழியின் சொந்த நூலகமே காட்டிற்று. முழுவெண்களை வரிசைப்படுத்த ஒரு சார்பு, தசம எண்களுக்கு ஒன்று, சொற்களுக்கு ஒன்று என மூன்று தனித்தனிச் சார்புகள் அதிலே இடம்பெற்றன. கல்லூரிப் பதிவேட்டின் எடுத்துக்காட்டிற் கண்ட அதே மூன்று படிகள் இவை.

ஜாவாவும் கோவும் இறுதியில் இவ்வழிக்கே வந்தன. 1998இல் வாட்லரும் மார்ட்டின் ஒடெர்ஸ்கியும் வேறிருவரும் ஜாவாவுக்கு ஒரு பரமானத் திட்டத்தை அமைத்தனர். அதன் அடியொற்றி 2004இல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. கோ மொழிக்கும் 2020இல் அதே வாட்லர், அம்மொழியை வகுத்த மூவருள் ஒருவராகிய றொபேட் கிறீசெமர் முதலியோருடன் சேர்ந்து கணித அடிப்படை வகுத்தார். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதன் 1.18ஆம் பதிப்பிற் பரமானம் இடம்பெற்றது. நினைவகத்தில் ஒத்த வடிவுடைய வகைகளுக்கு ஒரு படியும், வேறு வடிவுக்கு வேறு படியுமாக அஃது இடைவழியொன்றைத் தெரிந்துகொண்டது. 2023இல் வந்த 1.21ஆம் பதிப்பில் எவ்வரிசைப்படுத்தத்தக்க வகைக்கும் பொருந்தும் ஒரே வரிசைப்படுத்தற் சார்பும் நூலகத்தில் இடம்பெற்றது. ஆயினும் பழைய மூன்றும் நீங்கினவல்ல. அவற்றை நம்பி எழுதப்பட்டவை உலகெங்கும் இருத்தலின் நீக்குதல் இயலாது. தொடக்கத்தில் விட்டதனைப் பின்னர்ச் சேர்ப்போர், விட்ட காலத்தின் எச்சங்களையும் உடன் சுமக்க நேரிடும்.

இவ்வளவுங் கொண்டு எச்செய்நிரலிலும் பரமானம் நிறைந்திருத்தல் வேண்டும் என்று கொள்ளற்க. ஒரே வகைக்கே வழங்கும் சார்புக்குப் பரமானம் வீண் அணியாம். ஒரு செய்முறை இரண்டாம் மூன்றாம் வகைக்கு எழுத்துக்கெழுத்து மாறாது மீட்டும் எழுதப்படும்போதே அதற்குரிய வேளை வருகின்றது. தலைப்பு வரியில் ஒருமுறை மாத்திரம் தோன்றி வேறெதனோடும் பிணையாத பரமானம் பெரும்பாலும் வேண்டாததே. பிணைத்தலே அதன் தொழிலாதலின். 'வ', 'ய', 'ற' என நான்கைந்து எழுத்துகள் நிபந்தனைகளோடு அடுக்கி வரும் தலைப்பு வரி, காத்தற்கு அமைந்த வேலியே வழியை மறைத்தல் போலாகும்.

அட்சரகணிதத்தில் எழுத்தைக் கண்டு முதல் நாளில் அஞ்சும் மாணவன், எண் தொலைந்துவிட்டதென்றே எண்ணுகின்றான். எண் தொலையவில்லை, எல்லா எண்ணுக்கும் இடம் விடப்பட்டுள்ளது என அவன் உணரும் நாளிலேயே அக்கலை அவனுக்கு வசமாகின்றது. வகைப் பரமானமும் அத்தகையதே. அங்கே வகை கைவிடப்படவில்லை. வருவது எவ்வகையாயினும் அதன் இயல்பு குன்றாமற் காப்பதற்கு இடம் விடப்பட்டுள்ளது. இன்னதெனக் குறியாது விட்ட இடத்தையும் காவலின்றி விடாமையே இம்முறையின் சிறப்பாகும். கணினி மொழியைக் கற்பிப்போர் அடைப்புக்குறியை மாத்திரம் காட்டாது இக்கருத்தையும் உடன் காட்டுவாராயின், மாணவர் ஒரு மொழியையன்றிப் பல மொழிகளின் பொது இலக்கணத்தையே கற்றவராவர்.